பலகையில் எழுதாத விலைகள்: சென்னையின் மலிவுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

சென்னையில் அநேகமாக எல்லாப் பிரியாணிக் கடைகளிலும் குஸ்கா கிடைக்கும். ஆனால் பல கடைகளின் விலைப் பலகையில் அந்தப் பெயர் இருக்காது; கேட்பவருக்கு மட்டுமே கொடுப்பார்கள். குஸ்கா என்பது கறித் துண்டு இல்லாத பிரியாணிச் சோறு. அதே அண்டாவில், அதே மசாலாவில், கறியின் சாறு இறங்கித் தம்மில் வெந்த சோறு. தயிர்ப் பச்சடியும் கத்தரிக்காய்த் தொக்கும் வழக்கம்போலக் கூடவே வரும். சில கடைகளில் சேர்வாவும் ஊற்றுவார்கள். விலை மட்டும் பிரியாணியைவிடக் கணிசமாகக் குறைவு.

இது எப்படிக் கட்டுப்படியாகிறது? பிரியாணிக் கடைக்காரரின் செலவில் பெரும்பங்கு கறிக்குப் போகிறது. அதனால் தட்டுக்கு இத்தனை துண்டு என்று எண்ணி வைக்கிறார். சோற்றை அப்படி எண்ண முடியாது. கரண்டி பிடிக்கும் கை ஒரு நாள் தாராளமாக இருக்கும், இன்னொரு நாள் இறுக்கமாக இருக்கும். ஆகவே அண்டாவில் துண்டும் சோறும் ஒரே நேரத்தில் தீர்வதில்லை. துண்டு தீர்ந்து சோறு மிஞ்சினால் அதை மறுநாளுக்கு வைத்திருக்கவும் முடியாது. குஸ்கா அந்த மிச்சத்தைக் காசாக்குகிறது. காலப்போக்கில் அதற்கென்றே வாடிக்கையாளர்கள் சேர்ந்துவிட்டதால், இப்போது கடை திறந்தவுடனேயே கூடக் கேட்டு வாங்கலாம். என்றாலும் மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு, அண்டாவின் அடிப்பகுதிக்குக் கரண்டி போகும் நேரத்தில் வாங்கும் குஸ்காவுக்குத் தனி ருசி உண்டு. மசாலா அங்கேதான் தங்கியிருக்கும். உடைந்த ஒரு துண்டும் சேர்ந்து விழலாம்.

சென்னையில் வெளியே அதிகம் பேசப்படாத மலிவுகள் நிறைய உண்டு. அவற்றில் நல்லவை எல்லாவற்றிலும் விற்பவர் பக்கத்தில் இப்படி ஒரு காரணம் இருக்கிறது. பொருள் கெட்டுவிடும், அளவு பொருந்தவில்லை, ஏற்றுமதிக்குப் போகவேண்டியது தங்கிவிட்டது, சட்டம் கட்டாயப்படுத்துகிறது, இழப்பை அரசே தாங்கிக்கொள்கிறது என்று ஏதோ ஒன்று. காரணம் புரிந்துவிட்டால் எங்கே போவது, எந்த நேரத்தில் போவது, என்ன சொல்லிக் கேட்பது என்பதெல்லாம் தானாகப் பிடிபடும். காரணமே தெரியாமல் ஒரு விலை மிகவும் கீழே இருந்தால் நான் தயங்குவேன். அங்கே பெரும்பாலும் யாருடைய கூலியோ பொருளின் தரமோ வெட்டப்பட்டிருக்கும்.

பார்சல் சாப்பாடு இன்னொரு எடுத்துக்காட்டு. உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடும் முழுச் சாப்பாட்டில் வேண்டிய மட்டும் சோறு கேட்கலாம். பார்சலில் மறுசோறு கேட்க வழியில்லை. அதனால் பெரும்பாலான கடைகளில் முதலிலேயே நிறைய சோறு வைத்துக் கட்டிவிடுவார்கள். சாம்பார், காரக்குழம்பு, ரசம், மோர் எல்லாம் தனித்தனிப் பையில் வரும். மிதமாகச் சாப்பிடும் இருவருக்கு ஒரு பார்சல் போதும் என்பது மேன்ஷன் எனப்படும் ஆண்கள் விடுதி அறைகளில் தங்கியவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த செய்தி. அறைக்கு ஒரு பார்சலும் தனியாக ஒரு பொரியலோ ஆம்லெட்டோ வாங்கி இருவர் பகிர்ந்துகொள்வது திருவல்லிக்கேணியில் சாதாரணமான காட்சி.

திருவல்லிக்கேணியின் உணவுக் கணக்கே தனி. வேலை தேடி வந்த ஆண்கள் மேன்ஷன்களில் நிறைந்த ஊர் அது. மூன்று வேளையும் வெளியில் சாப்பிடுகிறவர்களை நம்பி மெஸ்கள் தோன்றின. நாளை எத்தனை பேர் வருவார்கள் என்பது மெஸ் நடத்துபவருக்கு முன்கூட்டியே தெரிந்தால் அரிசியும் காயும் வீணாகாது. அந்த உறுதிக்காகத்தான் மாதக் கணக்கு வைப்பவருக்கும் மொத்தமாக டோக்கன் வாங்குபவருக்கும் அவர் விலையைக் குறைக்கிறார். புதிதாக நுழைபவருக்குச் சுவரில் எழுதிய விலைதான் தெரியும். ஒரு மெஸ்ஸில் தொடர்ந்து சாப்பிடப் போகிறீர்கள் என்றால் கல்லாவில் இருப்பவரிடம் மாதக் கணக்கு உண்டா என்று நேராகவே கேட்டுவிடலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, அவருக்கும் அது வேண்டிய வியாபாரம்தான். அதே பகுதியில் 1948 முதல் நடக்கும் ரத்னா கபேயில் இட்லியை மூழ்கடிக்கும் அளவுக்குச் சாம்பார் ஊற்றுவது ஊரறிந்த வழக்கம். அங்கே இட்லியைவிடச் சாம்பாருக்காகப் போகிறவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊறிய பிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கேட்கலாம்.

மிச்சத்திலிருந்து பிறந்த உணவு என்றால் சைதாப்பேட்டையை விட்டுவிட முடியாது. காலையில் விற்காமல் போன மசால் வடைகளை உதிர்த்துக் குழம்பில் போட்டதுதான் வடகறியின் தொடக்கம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இப்போது மாரி ஓட்டல் போன்ற பெயர்பெற்ற இடங்களுக்கு மக்கள் வடகறிக்கென்றே போகிறார்கள். கடலைப்பருப்பை அரைத்து, அதற்கென்றே வேகவைத்துச் செய்கிறார்கள். சிக்கனத்துக்காகத் தோன்றிய ஒன்று ஓர் ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இட்லிக்கும் செட்தோசைக்கும் சட்னி, சாம்பாரோடு வடகறியும் தருகிற சிறிய கடைகள் நகரமெங்கும் இன்னும் இருக்கின்றன. எந்த வேளையில் கிடைக்கும் என்பதைக் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும், பெரும்பாலும் காலையில் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் மாலை நேரத்தில் விற்கும் அத்தோவுக்கு வேறொரு வரலாறு. 1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட்டன. அங்கே வாழ்ந்த தமிழர்கள் பெருந்தொகையாகக் கப்பலேறித் திரும்பினார்கள். அவர்களுக்கு வாழ்வளிக்க 1969இல் துறைமுகத்தை ஒட்டி உருவானதுதான் பர்மா பஜார். பொருள்களோடு சமையலும் வந்தது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, நொறுக்கிய பேஜோ என்னும் பொரித்த தட்டை, மிளகாய்த்தூள், புளித் தண்ணீர் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தட்டில் வைப்பார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப் வரும். சூப்புக்குத் தனி விலை கிடையாது, தீர்ந்தால் இன்னொரு முறையும் கேட்கலாம். முதல் முறை போகிறவர்கள் பலர் இது தெரியாமல் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு நிற்பார்கள். வேகவைத்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயமும் பூண்டும் புளிச்சாறும் வைத்துத் தருவதும் அங்கேதான். அந்தச் சூப்பை இலவசமாகக் கொடுப்பதன் காரணம் எளிது: அத்தோ காரமும் புளிப்புமான உலர்ந்த உணவு, சூப் இல்லாமல் அது நிறைவாகாது. பர்மாவில் மீன் சேர்த்துச் செய்யும் மொயிங்காவின் சாறுதான் இங்கே வாழைத்தண்டோடு எளிமையாகிக் கிண்ணத்துக்கு வந்திருக்கிறது.

இனிச் சந்தைகள். கோயம்பேடு வணிக வளாகம் 1996இல் திறக்கப்பட்டது. அதுவரை ஜார்ஜ் டவுனின் கொத்தவால் சாவடியில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த காய்கறி மொத்த வியாபாரம் 295 ஏக்கர் பரப்புக்கு இடம் மாறியது. கோயம்பேட்டில் விலை குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த நேரத்தில், யாருக்குக் குறைவு என்பதுதான் தெரிவதில்லை. லாரிகள் இரவில் வந்து இறங்கும். விடியும் முன்பே மளிகைக்கடைக்காரர்களும் தள்ளுவண்டிக்காரர்களும் உணவகத்துக்காரர்களும் மூட்டையாகவும் பெட்டியாகவும் எடுத்துப் போவார்கள். அந்த நேரத்தில் ஒரு கிலோ தக்காளி கேட்டுப் போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அவர்களுக்கு நேரமில்லை. பொழுது ஏற ஏறச் சில்லறை வாங்குபவர்களுக்கான கடைகள் சுறுசுறுப்பாகும். மதியத்தை நெருங்கும்போது மீந்த கீரை, கொத்தமல்லி, பழுத்த தக்காளி ஆகியவற்றின் விலை இறங்கும். அன்றே சமைப்பவருக்கு அது நல்ல பேரம். வாரத்துக்கு வாங்கி வைப்பவருக்கு அது நட்டம், பாதி அழுகிப்போகும்.

உண்மையான மலிவு மொத்த விலையில் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஒரு பெட்டித் தக்காளி தேவைப்படாது. அடுக்குமாடியில் நான்கைந்து வீடுகள் சேர்ந்தால் தேவைப்படும். ஒருவர் விடியற்காலையில் போய் ஒரு பெட்டித் தக்காளியும் ஒரு மூட்டை வெங்காயமும் எடுத்து வந்து பங்கு பிரித்துக்கொள்வதைச் சில குடியிருப்புகள் வழக்கமாகவே வைத்திருக்கின்றன. ஆட்டோ கூலியையும் பகிர்ந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் லாபம் அதிலேயே கரைந்துவிடும்.

காசிமேட்டில் கணக்கு இன்னும் நுட்பமானது. மீன்பிடித் துறைமுகத்தில் இருட்டிலேயே ஏலம் தொடங்கிவிடும். பெரிய வியாபாரிகள் கூடை கூடையாக எடுப்பார்கள். மீன் விற்கும் பெண்களும் ஏலத்தில் கூடையை எடுத்து, தரையில் விரித்துக் கூறு கட்டுவார்கள். சில்லறையில் நாம் வாங்குவது இந்தக் கூறைத்தான். சின்ன மீன்களைத் தராசில் வைக்காமல் கண் அளவில் குவித்து, குவியலுக்கு ஒரு விலை சொல்வார்கள். எடை தெரியாமல் வாங்கப் பழகாதவர்கள் இதைச் சந்தேகிக்கிறார்கள். எனக்கு இந்த முறையில் நம்பிக்கை உண்டு. பக்கத்தில் இன்னொருவர் அதே மீனைக் கூறு கட்டியிருக்கும்போது யாரும் அதிகமாக ஏமாற்றிவிட முடியாது. நான்கு கூறுகளைப் பார்த்துவிட்டு வாங்கினால் போதும்.

வஞ்சிரத்துக்கும் வவ்வாலுக்கும் காசிமேட்டிலும் விலை அதிகம்தான். அவற்றைத் தேடிப் போகிறவர்கள் அங்கே கிடைக்கும் நல்லதை விட்டுவிடுகிறார்கள். மத்தி, காணாங்கெளுத்தி, காரப்பொடி, நெத்திலி, கிழங்கான் போன்றவை கூறாகவே கிடைக்கும், விலையும் கைக்கு அடங்கும். காரப்பொடியைப் புளி சற்று அதிகமாக விட்டுக் குழம்பு வைத்தால் மறுநாள் காலை இட்லிக்கு அதைவிட நல்ல துணை இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது பெரிய மீன்களின் விலை ஏறும். ஆனால் கரையோரம் போய்த் திரும்பும் சிறிய படகுகளுக்குத் தடை இல்லை. அவை கொண்டுவரும் சிறிய மீன்கள் அன்றன்று பிடித்தவை. பனிக்கட்டியில் நாள்கணக்கில் கிடந்த வெளிமாநிலத்துப் பெரிய மீனைவிட அந்தக் காலத்தில் அவையே நல்ல தேர்வு.

ஒரு வார்த்தை பேரம் பற்றி. கூறு கட்டி விற்கும் பெண்ணுக்கு அன்றைய ஏலத்தில் எடுத்த கூடைதான் முதல். பல சமயம் அதுவும் வட்டிக்கு வாங்கிய காசு. காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிய பிறகு அவரே விலையை இறக்குவார். அந்த நேரத்தில் இன்னும் அடித்துப் பேசுவது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் பாரிமுனையின் கோடவுன் தெருவில் ஜவுளி மொத்தக் கடைக்காரரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அவர் அதற்கென்றே விலையில் இடம் வைத்திருக்கிறார்.

எழும்பூர் பாந்தியன் சாலை இந்தக் கட்டுரைக்கென்றே அமைந்ததுபோன்ற ஒரு தெரு. ஒரே சாலையில் வெவ்வேறு காரணங்களால் உருவான மலிவுகள் வரிசையாக இருக்கின்றன. நடைபாதையை ஒட்டிய துணிக்கடைகளைக் காட்டன் ஸ்ட்ரீட் என்றே அழைக்கிறார்கள். திரைச்சீலை, மெத்தை விரிப்பு, சோபா உறை, குர்தா தைக்கும் துணி ஆகியவை குவிந்து கிடக்கும். ஏற்றுமதிக்காக நெய்யப்படும் துணியில் வாங்குபவர் கேட்டதைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் நெய்வார்கள். நிறம் சற்று மாறினாலும், ஓர் இழை விட்டுப்போனாலும் அந்த மீட்டர்கள் ஒதுக்கப்படும். ஆர்டர் ரத்தானால் முழுச் சுருளே தங்கிவிடும். இப்படித் தங்கியவை இங்கே வந்து சேர்கின்றன. இந்தச் சிறு பிசகுகளைத் தவிரத் துணியின் தரத்தில் குறை இருக்காது, தொடர்ச்சிதான் இருக்காது. இன்று பார்த்த நிறம் அடுத்த வாரம் கிடைக்காது. ஆகவே சன்னல்களின் அளவை முன்பே எடுத்துக்கொண்டு போய், மொத்தத் தேவையையும் ஒரே நாளில் வாங்கிவிட வேண்டும். துணியை முழுக்கப் பிரித்து வெளிச்சத்தில் பார்க்கக் கேட்பதில் தவறில்லை. தறியில் விட்ட இழை எங்கே இருக்கிறது என்று கடைக்காரரே காட்டித் தருவார், அதைத் தள்ளி வெட்டியும் தருவார்.

அதே சாலையில்தான் கோ-ஆப்டெக்ஸின் தலைமையகம். 1935இல் தொடங்கிய இந்தக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு நிறுவனத்தில் தீபாவளியை ஒட்டி 30 சதவீதம் வரை தள்ளுபடி கிடைப்பதைப் பலரும் அறிவார்கள். அதிகம் பேர் அறியாதது ‘கனவு நனவு’ என்ற சேமிப்புத் திட்டம். மாதாமாதம் ஒரு தொகையைக் கட்டிவந்தால் இறுதியில் நிறுவனமும் தன் பங்கைச் சேர்க்கும். அந்த மொத்தத் தொகைக்குத் தள்ளுபடி விலையில் துணி எடுத்துக்கொள்ளலாம். தள்ளுபடியின் மேல் இன்னொரு தள்ளுபடிபோல இது அமைகிறது. நெசவாளருக்குப் போகவேண்டிய கூலியிலிருந்து இதை எடுக்கவில்லை. விற்பனை இல்லாத மாதங்களில் முன்பணமாக வரும் காசு நிறுவனத்துக்கு உதவுகிறது. பண்டிகைத் தள்ளுபடியை அரசின் ஆதரவு தாங்குகிறது. வீட்டில் திருமணம் வரவிருந்தால் ஓராண்டுக்கு முன்பே இதில் சேர்வது அறிவுள்ள காரியம். திட்டத்தின் மாதத் தொகையும் சலுகை விவரமும் அவ்வப்போது மாறும் என்பதால் கிளையில் கேட்டுக்கொள்ள வேண்டும். காதி கடைகளில் காந்தி ஜெயந்தியை ஒட்டித் தொடங்கும் தள்ளுபடியும் இதே வகை.

இன்னும் சற்று நடந்தால் அரசு அருங்காட்சியக வளாகம். அங்கே கன்னிமாரா நூலகம் 1896 முதல் இயங்குகிறது. நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி வந்து சேரும் நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. அங்கே உட்கார்ந்து படிக்கக் கட்டணம் கிடையாது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இதை நன்றாகப் பயன்படுத்துகிறார்கள், மற்றவர்களுக்குத்தான் நினைவில்லை. அருங்காட்சியகத்திலும், பக்கத்திலேயே ஆல்சு சாலையில் உள்ள தமிழ் வளர்ச்சி வளாகத்தின் தொல்லியல் துறையிலும் நூல்கள் விற்கிறார்கள். தனியார் பதிப்பகம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலை வைக்கக்கூடிய கல்வெட்டுத் தொகுப்புகளும் அகழாய்வு அறிக்கைகளும் அங்கே அடக்க விலையில் கிடைக்கின்றன. கீழடி பற்றித் தொல்லியல் துறை 2019இல் வண்ணப் படங்களோடு வெளியிட்ட கையேட்டின் விலை 50 ரூபாய். அரசுப் பதிப்புகளுக்கு விளம்பரம் இல்லை, கடைகளுக்குக் கழிவு கொடுப்பதும் குறைவு. அதனால் புத்தகக்கடை அலமாரிகளுக்கு அவை அதிகம் வருவதில்லை. அச்சிட்ட ஆண்டின் விலையே பல ஆண்டுகள் நீடிக்கும். தமிழ் வரலாற்றில் ஆர்வமுள்ள இளைஞர்கள் இந்த அலுவலகங்களுக்கு ஒருமுறையாவது நேரில் போகவேண்டும் என்பது என் ஆசை.

பழைய புத்தகங்களுக்கு மூர் மார்க்கெட் என்ற பெயர் இன்னும் ஒலிக்கிறது. 1985 மே மாதத் தீயில் அந்தச் சிவப்புக் கட்டடம் அழிந்தபின், கடைகள் சென்ட்ரல் அருகே அல்லிக்குளம் வளாகத்துக்கு வந்தன. அங்கும், திருவல்லிக்கேணி பாரதி சாலையிலும், மயிலாப்பூர் லஸ் முனையிலும் ஒரு நடைமுறை உண்டு: வாங்கிய பாடநூலைப் படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தால் பல கடைகளில் ஏறக்குறையப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வார்கள். வாங்கும்போதே பேசி, முதல் பக்கத்தில் கடையின் முத்திரையையோ குறிப்பையோ வாங்கிக்கொள்ள வேண்டும். பொறியியல், மருத்துவ மாணவர்களுக்கு இது ஏறக்குறைய வாடகை நூலகம். பருவத் தேர்வு முடிந்த வாரத்தில் கடைகளுக்கு நூல் வந்து குவியும். வகுப்புகள் தொடங்கும் வாரத்தில் விலை ஏறும். இடைப்பட்ட நாள்களில் போவது நல்லது.

பாரிமுனையின் உள்தெருக்களைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. தொழிலுக்கு ஒரு தெரு என்று பிரிந்திருப்பதே அங்கே விலை குறைவதற்குக் காரணம். கோடவுன் தெருவில் ஜவுளி, ஆண்டர்சன் தெருவில் தாளும் அழைப்பிதழும், தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி. ஒரே பொருளை நாற்பது கடைக்காரர்கள் அடுத்தடுத்து விற்கும்போது விலையை ஏற்றிச் சொல்ல யாருக்கும் துணிவு வராது. சில்லறையாகக் கொடுக்க மாட்டோம் என்று பலகை வைத்திருக்கும் கடைகளிலும், கூட்டம் குறைந்த பிற்பகலில் ஒரு டஜன், அரை டஜன் என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைகள் மூடியிருக்கும். மூடிய கதவுகளின் முன்னால் நடைபாதை வியாபாரிகள் விரிப்பைப் போட்டுவிடுவார்கள். கடை வாடகை இல்லாத அந்த ஒரு நாள் விலை தனி. ஆனால் மறுநாள் போய் மாற்றிக்கொள்ள முடியாது.

சட்டமும் அரசும் உண்டாக்கிய மலிவுகளுக்கு விளம்பரம் இருக்காது, ஏனென்றால் அவற்றைச் சொல்வதில் யாருக்கும் லாபமில்லை. திரையரங்கு டிக்கெட் ஓர் எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டில் கட்டணத்தை அரசுதான் நிர்ணயிக்கிறது. 2017 அக்டோபரில் வந்த ஆணை, பலதிரை அரங்குகளுக்கு வரி நீங்கலாகக் குறைந்தபட்சம் 50 ரூபாய், அதிகபட்சம் 150 ரூபாய் என்று வரையறுத்தது. அந்தக் குறைந்த கட்டண இருக்கைகள் திரைக்கு மிக அருகே முன்வரிசையில் இருக்கும். பல அரங்குகளில் இவை இணையத்தில் கிடைப்பதில்லை. கவுன்டரில் நேரில் போய்க் கேட்க வேண்டும். கழுத்து வலிக்கும் என்பது உண்மைதான். ஆனால் வளாகத்துக்குள் நுழையவே தயங்கும் ஒரு குடும்பத்துக்கு அந்த வரிசை பெரிய விஷயம், அது அவர்களுக்கு உரிமையாகக் கிடைப்பது என்பதும் தெரியவேண்டும்.

ஆவின் பால் அட்டை இதைவிட முக்கியமானது. மாதம் முழுவதற்கும் முன்பணம் கட்டி அட்டை வாங்குபவருக்குச் சில்லறை விலையைவிடக் குறைவாகப் பால் கிடைக்கும். முன்பு இந்த வித்தியாசம் சிறியது. 2022 நவம்பரில் நிறைகொழுப்புப் பாலின், அதாவது ஆரஞ்சு பாக்கெட்டின், சில்லறை விலை லிட்டருக்கு 48 ரூபாயிலிருந்து 60 ரூபாயாக உயர்ந்தபோது, அட்டைதாரர்களுக்கு மட்டும் 46 ரூபாயே நீடித்தது. நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வாங்கும் வீட்டுக்கு அந்த அளவில் மாதம் 400 ரூபாய்க்கு மேல் மிச்சம். காரணம் பழைய மெஸ் கணக்குதான்: நாளை எவ்வளவு பால் தேவை என்பது முன்கூட்டியே தெரிகிறது, பணமும் முன்பே வந்துவிடுகிறது. வாடகை வீடு மாறி மாறி வசிப்பவர்களும் வெளியூரிலிருந்து வந்தவர்களும்தான் இந்த அட்டையைப் பற்றி அறியாமல் கடையில் முழு விலை கொடுக்கிறார்கள். ஆவினின் வட்டார அலுவலகத்தில் விசாரித்தால் எந்தச் சாவடியில், என்ன சான்றோடு பதிவு செய்வது என்று சொல்வார்கள்.

திருவான்மியூரின் இம்காப்ஸ் மருந்தகமும் இந்த வரிசையில் சேரும். இந்திய மருத்துவ முறைகளைச் சேர்ந்த மருத்துவர்கள் 1944இல் தொடங்கிய கூட்டுறவு அது. நிலவேம்புக் குடிநீர்ச் சூரணமும் திரிபலாவும் தைலங்களும் அங்கே தயாரிப்பாளரின் விலையிலேயே கிடைக்கும். மாநகராட்சி 2013இல் தொடங்கிய அம்மா உணவகத்தின் ஒரு ரூபாய் இட்லியை எல்லோரும் அறிவார்கள். மாலையில் சப்பாத்தியும் உண்டு என்பது பலருக்கும் தெரியாது.

இப்போதெல்லாம் இத்தகைய இடங்களை ஒரு நிமிட வீடியோவாக எடுத்துப் பரப்புகிறார்கள். பெரிய கடைக்கு அது நன்மை. நாற்பது பேருக்கு மாவு அரைக்கும் சிறு கடைக்கு அது இடி. மறுவாரம் நானூறு பேர் வருவார்கள். கடைக்காரர் ஆள் வைப்பார், விலையை ஏற்றுவார். தினமும் வந்த பழைய வாடிக்கையாளருக்கு இடமிருக்காது. மூன்று மாதத்தில் கூட்டம் வேறு இடம் தேடிப் போய்விடும், ஏற்றிய செலவு மட்டும் கடைக்காரரிடம் தங்கும். அதனால்தான் இங்கே தாங்கக்கூடிய இடங்களையும் எல்லாக் கடைகளுக்கும் பொதுவான வழக்கங்களையும் மட்டும் எழுதுகிறேன். உங்கள் தெருமுனையில் இருக்கும் சிறு கடைகளை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

எத்தனை பேர் வந்தாலும் தாங்கும் மலிவு மார்கழியில் இருக்கிறது. டிசம்பர் இசை விழா என்றால் விலையுயர்ந்த டிக்கெட், பட்டுப்புடவை, முன்வரிசை என்ற எண்ணம் பரவியிருக்கிறது. பெரும்பாலும் மாலைக் கச்சேரிகளுக்குத்தான் டிக்கெட். பெரும்பாலான சபாக்களில் காலையிலும் பிற்பகலிலும் நடக்கும் இளங்கலைஞர்களின் கச்சேரிகளுக்கு அனுமதி இலவசம். அரங்கில் ஆள் இருக்கவேண்டும் என்பது சபாவுக்கும் தேவை, பாடும் பிள்ளைக்கும் தேவை. பத்து ஆண்டுகளுக்குப் பின் மாலை மேடையில் டிக்கெட் வாங்கிக் கேட்கப்போகிறவர்களை இப்போது நான்காவது வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். 1928இல் நிறுவப்பட்ட மியூசிக் அகாடமியில் விழா நாள்களில் காலை எட்டு மணிக்கு நடக்கும் விளக்க உரைகளும் அனைவருக்கும் இலவசம். ஒரு ராகம் எப்படி வளர்ந்தது, ஒரு கீர்த்தனையின் பாடபேதங்கள் என்ன என்று கலைஞர்களும் அறிஞர்களும் பாடிக்காட்டியே விளக்குவார்கள். இசைப் பயிற்சி இல்லாதவருக்கும் அதில் பாதியாவது புரியும், புரிந்த பாதியே மாலைக் கச்சேரியைக் கேட்கும் காதை மாற்றிவிடும். சபா கேன்டீன்களில் சாப்பிட டிக்கெட் தேவையில்லை. மாலைக் கச்சேரியையும் கேட்க விரும்பினால் காலை உரை முடிந்த கையோடு கவுன்டரில் அன்றைய மாடி டிக்கெட் இருக்கிறதா என்று விசாரிக்கலாம்.